மறுமொழித் தலைப்புகளும் இணையப் பாதுகாப்பும் – ஒரு வரலாற்று நோக்கு

கல்வெட்டையும் ஏட்டுச்சுவடியையும் சான்றாகக் கொண்டு வரலாறு எழுதுவது நமக்குப் பழக்கமான நெறி. ஒரு காலத்து மக்கள் எவற்றை நம்பினர், எவற்றுக்கு அஞ்சினர், எதனை இழந்தபின் எந்த விதியை வகுத்தனர் என்பவற்றை அக்காலத்து ஆவணங்களே நமக்கு உணர்த்துகின்றன. இன்றைய இணையத்துக்கும் அத்தகைய ஆவணங்கள் உள. இணையத்தளம் ஒன்றை நாம் திறக்கும் ஒவ்வொரு முறையும், கண்ணுக்குப் புலனாகும் பக்கத்துக்கு முன்னதாக, கண்ணுக்குப் புலனாகாத சில வரிகள் நமது கணினியை வந்தடைகின்றன. அவை மறுமொழித் தலைப்புகள் எனப்படும். அவற்றுள் பாதுகாப்புத் தொடர்பானவற்றை ஒருங்கே வைத்து வாசிப்போமாயின், கடந்த முப்பது ஆண்டுகளில் இணையம் பட்ட காயங்களின் பட்டியலொன்று கிடைக்கும். அப்பட்டியலை வரலாறாக வாசிப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அவ்வாறு வாசிக்கும்போது ஒரு பொதுவிதி வெளிப்படுகின்றது. இணையத்தின் பாதுகாப்பு ஏற்பாடுகளுட் பல, கேட்டுப் பெறவேண்டியவையாகவே பிறந்தன. தளத்தை நடத்துபவர் வாய்திறந்து 'இதனைச் செய்யற்க' என்று ஆணையிட்டாலன்றி, உலாவி அதனைச் செய்யும். மௌனம் சம்மதம் என்னும் பழமொழி இங்கே தொழினுட்ப விதியாகவே ஆயிற்று. இதனால் அறிந்தவரின் தளம் காக்கப்பட்டது. அறியாதவரின் தளம் திறந்து கிடந்தது. அறிந்தவர் யார், அறியாதவர் யார், அவர்கள் எங்கெங்கே வாழ்கின்றனர் என்று வினவும்போது, இது பொறியியலாளரின் பிரச்சினையாக மட்டும் நில்லாது சமூகப் பிரச்சினையாகவும் ஆகின்றது.

கரையோரத்திலிருந்து ஒரு தொடக்கம்

அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தில், திருக்கோவிலை அடுத்து அமைந்துள்ள தம்பிலுவில் கண்ணகை வழிபாட்டாற் பெயர்பெற்ற ஊராகும். அதற்கு வடக்கே அக்கரைப்பற்று, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை எனத் தமிழ் பேசும் முஸ்லிம் மக்களும் தமிழரும் அயலயலாக வாழும் ஊர்கள் தொடர்கின்றன. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் இக்கரையைத் தாக்கிய ஆழிப்பேரலை, இலங்கையில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. மாவட்டங்களுள் உயிரிழப்பு மிகுந்து காணப்பட்டது அம்பாறையிலேயே.

அவ்வழிவைத் தொடர்ந்து, இலங்கையின் கணினித் துறைத் தொண்டர்கள் சில வாரங்களுக்குள் வலைச்செயலியொன்றை உருவாக்கினர். லங்கா சொப்ட்வெயார் பவுண்டேசன் ஒருங்கிணைத்த அம்முயற்சிக்குச் 'சஹன' என்று பெயரிடப்பட்டது. சிங்களத்தில் நிவாரணம் என்பது அதன் பொருள். காணாமற் போனோரின் விவரம், முகாம்களின் விவரம், உதவிப் பொருட்களின் வரவும் தேவையும் ஆகியவற்றைப் பதிவுசெய்வதே அதன் பணியாகும். 2005 இல் பாகிஸ்தானின் நிலநடுக்கத்தின்போதும், 2010 இல் எயிட்டி நாட்டின் நிலநடுக்கத்தின்போதும் அது பயன்பட்டது. சுதந்திர மென்பொருள் அறக்கட்டளையின் 2006 ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன்பாட்டு விருதும் அதற்கே கிடைத்தது.

சஹனவை இங்கு எடுத்துக்கொண்டது அதிற் குறை காண்பதற்கன்று. இத்தகைய செயலியொன்றின் இயல்பை நோக்குவாம். துயருற்ற ஒருவர் தம் உறவினரின் பெயரை எழுதுகிறார். அப்பெயரை வேறிடங்களிலிருந்து பலர் வாசிக்கின்றனர். எழுதுபவர் யாரென்று செயலி முன்னறியாது. எழுதப்பட்டது பெயர்தானா, பெயரின் வடிவில் வந்த வேறொன்றா என்பதை வாசிப்போரின் உலாவியும் அறியாது. 2005 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இத்தகைய செயலியொன்றை எழுதிய எவரும், 'இவ்விடயத்தில் என்னைக் காப்பாயாக' என்று உலாவியிடம் கேட்க விரும்பியிருப்பின், கேட்பதற்குரிய சொற்களே பெரும்பாலும் இருக்கவில்லை. அச்சொற்கள் எவ்வாறு பிறந்தன என்பதே நமது வினா.

தலைப்பு என்பது யாது?

உலாவிக்கும் சேவையகத்துக்கும் இடையே நிகழ்வது கடிதப் போக்குவரத்தை ஒத்தது. உலாவி ஒரு பக்கத்தைக் கேட்கிறது; சேவையகம் மறுமொழி அனுப்புகிறது. அம்மறுமொழியின் முதல் வரி, வேண்டுகோள் நிறைவேறியதா இல்லையா என்பதைக் கூறும். அதனைத் தொடர்ந்து தலைப்பு வரிகள் வருகின்றன. ஒவ்வொன்றும் ஒரு பெயரையும், அதன்பின் ஒரு பெறுமதியையும் உடையது. பின்னர் ஒரு வெற்று வரி. அதன் பின்னரே நாம் காணும் பக்கத்தின் உள்ளடக்கம். கடிதத்தின் உறைமீது 'உரியவர் மட்டும் திறக்கவும்', 'மடிக்கற்க' என்று எழுதப்படுவனவற்றை ஒத்தவை இத்தலைப்புகள். வாசகர் அவற்றைக் காண்பதில்லை. தபாற்காரராகிய உலாவி கண்டு அதன்படி ஒழுகும். நிரலின் ஓர் எழுத்தையும் மாற்றாது, சேவையகத்தின் அமைப்புக் கோப்பில் ஒரு வரியைச் சேர்ப்பதனால் மட்டுமே இவற்றுட் பலவற்றைப் பெறலாம் என்பது மனங்கொள்ளத்தக்கது.

நம்பிக்கையின் காலம்

சேர்ன் எனப்படும் ஐரோப்பிய அணு ஆராய்ச்சி நிலையத்தில் டிம் பேர்னர்ஸ்-லீ 1991 அளவில் நடைமுறைப்படுத்திய முதலாவது எச்.ரி.ரி.பி. நெறிமுறையிலே தலைப்புகள் எவையும் இல்லை. ஒரே வரியில் வேண்டுகோள். மறுமொழியாக ஆவணம் மட்டும். ஆராய்ச்சியாளர் ஒருவர்க்கொருவர் கட்டுரைகளைப் பகிர்வதற்கு அதற்குமேல் வேண்டியிருக்கவில்லை. 1996 மே மாதத்தில் வெளியான எச்.ரி.ரி.பி. 1.0 ஆவணம் தலைப்புகளுக்கு முறையான இடமளித்தது. ஆயினும் உள்ளடக்கத்தின் வகை, அளவு, தேதி போன்றவற்றைக் கூறுவனவாகவே அவை பெரிதும் அமைந்தன. எதிரி ஒருவன் இருப்பான் என்ற எண்ணம் அவற்றில் மிகக் குறைவு.

இதே காலத்தில் இணையத்தின் இயல்பு மாறலாயிற்று. 1994 இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மொன்டுலி 'குக்கி' என்னும் சிறு குறிப்பை அறிமுகப்படுத்தினார். முன்பு வந்தவரே மீண்டும் வந்துள்ளார் என்பதைச் சேவையகம் அறிந்துகொள்வதற்கு அது வழிசெய்தது. 1995 இல் அதே நிறுவனத்தின் பிரெண்டன் ஐக் ஜாவாஸ்கிரிப்ட் மொழியை உருவாக்கினார். இதனால் பக்கம் என்பது வாசிக்கப்படும் ஏடாக மட்டுமன்றி, வாசகரின் கணினியில் இயங்கும் நிரலாகவும் ஆயிற்று. ஒரு தளத்தின் நிரல் மற்றொரு தளத்தின் தரவைத் தொடலாகாது என்னும் 'ஒரே மூல' விதியும் உடன் வகுக்கப்பட்டது. ஆனால் அவ்விதி எல்லையை மட்டுமே காத்தது. எல்லைக்குள் நுழைந்துவிட்டவன் வீட்டுக்காரனாகவே மதிக்கப்பட்டான்.

பிறர் பெயரிற் பேசும் நிரல்

2000 ஆம் ஆண்டு பெப்ரவரி 2 ஆம் நாள், ஐக்கிய அமெரிக்காவின் கணினி அவசர உதவி அமைப்பாகிய சேர்ட், எச்சரிக்கை அறிவித்தல் ஒன்றை வெளியிட்டது. அதற்கு முந்திய மாதத்திலேதான் மைக்ரோசொப்ட் பொறியியலாளர் அக்குறைபாட்டுக்குப் பெயர் சூட்டியிருந்தனர்: தளங்களுக்கிடையிலான நிரற்செருகல். பெயர் எழுதவேண்டிய கட்டத்தில் ஒருவன் நிரல் வரியை எழுதிவிடுகிறான். செயலி அதனை ஆராயாது அப்படியே பிறருக்குக் காட்டுகிறது. வாசிப்போரின் உலாவி, அது தளத்துக்காரரே எழுதிய நிரல் என நம்பி இயக்குகிறது. அந்நிரல் வாசகரின் குக்கியைத் திருடி அனுப்பலாம். அவர் பெயரால் எதையும் செய்யலாம்.

தம்பிலுவில் முதலிய ஊர்களின் கண்ணகை ஆலயங்களில் ஆண்டுதோறும் பாடப்படும் வழக்குரைக் காதையை அறிந்தோர்க்கு இந்நிலை புதிதன்று. பொற்கொல்லன் கூறியதை ஆராயாது அரசன் ஏற்றதே அக்கதையின் துன்பத்துக்குத் தோற்றுவாய். சிலம்பு உடைக்கப்பட்டு உள்ளிருந்த பரல் வெளிப்பட்டபின் உண்மை தெரிந்தது. ஆயின் கோவலன் உயிர் மீளவில்லை. உலாவியும் அவ்வரசனைப் போலவே, வந்தது யாருடைய வாய்ச்சொல் என்று ஆராயும் வழியின்றி இருந்தது.

2002 இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6 உலாவியின் திருத்தப் பதிப்பில் முதற் பரிகாரம் வந்தது. குக்கியை வழங்கும் தலைப்பில் 'எச்.ரி.ரி.பி. ஒன்லி' என்ற சொல்லைச் சேர்த்தால், நிரல் எதுவும் அக்குக்கியைப் படிக்க இயலாது. மிக எளிய ஏற்பாடு. எனினும் பயர்பொக்ஸ் உலாவி அதனை ஏற்றுக்கொள்ள 2007 ஆம் ஆண்டு ஆயிற்று. இதற்கிடையே, 2005 அக்டோபர் 4 ஆம் நாள், சமி கம்கார் என்னும் இளைஞர் மைஸ்பேஸ் தளத்தில் தமது பக்கத்தைப் பார்ப்போரின் பக்கத்திலும் தன்னைத்தானே படியெடுத்துக்கொள்ளும் நிரலொன்றை இட்டார். ஏறத்தாழ 20 மணி நேரத்தில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பயனர் பக்கங்களுக்கு அது பரவியது. அது விளையாட்டாகச் செய்யப்பட்டது. ஆனால் கேட்டுப் பெறாத பாதுகாப்பு கிடைப்பதில்லை என்பதை உலகுக்கு உணர்த்தியது.

மறைந்திருந்த சட்டகம்

அடுத்த காயம் வேறு வகையானது. ஒரு தளத்தின் பக்கத்தை மற்றொரு தளம் தன்னுள் சட்டகமாக அமைத்துக் காட்டலாம் என்பது இணையத்தின் பழைய உரிமை. 2008 இல் ரொபர்ட் ஹன்சன், ஜெரமையா குரொஸ்மன் ஆகிய இருவரும் இவ்வுரிமையின் தீய பயனை எடுத்துக்காட்டி, அதற்குச் 'சொடுக்குத் திருட்டு' எனப் பொருள்படும் பெயரிட்டனர். உங்கள் வங்கியின் பக்கத்தை ஒளிபுகு கண்ணாடிபோல ஆக்கி, அதனடியில் 'பரிசு பெற இங்கே அழுத்துக' என்ற படத்தை வைத்தால், நீங்கள் பரிசை அழுத்துவதாக எண்ணி வங்கியின் பொத்தானை அழுத்துவீர்கள். 2009 பெப்ரவரியில் டுவிட்டர் தளத்தில் இவ்வுத்தி பரவலாகக் கையாளப்பட்டது. அழுத்த வேண்டாம் என்று எழுதப்பட்டிருந்த இணைப்பைப் பலர் அழுத்தி, தாம் அறியாமலே அதே செய்தியைத் தம் பெயரில் வெளியிட்டனர்.

மைக்ரோசொப்ட் 2009 இல் வெளியிட்ட இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 8 இதற்கு விடையாக 'எக்ஸ்-பிரேம்-ஒப்ஷன்ஸ்' என்னும் தலைப்பைக் கொணர்ந்தது. 'டினை' என்று எழுதினால் எத்தளமும் அப்பக்கத்தைச் சட்டகமாக்க இயலாது. 'சேம்ஒரிஜின்' என்று எழுதினால் அதே தளம் மட்டும் செய்யலாம். ஏனைய உலாவிகளும் இதனைப் பின்பற்றின. 2013 அக்டோபரில், அதாவது வழக்காகி நான்காண்டுகள் கழிந்தபின், அது ஆவணமாகப் பதிவுசெய்யப்பட்டது. வழக்கு முந்தியது, இலக்கணம் பிந்தியது என்ற மொழிநூல் உண்மை ஈண்டும் பொருந்துகின்றது.

அதே உலாவி 'எக்ஸ்-கொன்டென்ட்-டைப்-ஒப்ஷன்ஸ்' என்னும் மற்றொரு தலைப்பையும் தந்தது. அதற்கு 'நோஸ்னிப்' என்ற ஒரே பெறுமதிதான் உண்டு. மோப்பம் பிடியாதே என்பது அதன் கருத்து. கோப்பின் வகையைச் சேவையகம் தவறாகக் குறித்துவிடுவதுண்டு என்பதால், உள்ளே இருப்பதை மோந்து பார்த்துத் தானே வகையைத் தீர்மானிக்கும் வழக்கம் உலாவிகளுக்கு இருந்தது. உதவும் எண்ணத்தோடு எழுந்த இவ்வழக்கத்தால், படமென்று பதிவேற்றப்பட்ட கோப்பு பக்கமாகக் கருதப்பட்டு, அதனுள் ஒளித்த நிரல் இயங்கவும் நேர்ந்தது.

வழியிடைக் கொள்ளை

இதுகாறும் கூறியவை வீட்டுக்குள் நிகழ்ந்த தீங்குகள். வழியில் நிகழ்ந்தனவும் உள. மறைகுறியாக்கப்பட்ட எச்.ரி.ரி.பி.எஸ். இணைப்பு 1990 களின் நடுப்பகுதியிலேயே இருந்தது. ஆனால் பயனர் முகவரியைச் சுருக்கமாக எழுதும்போது உலாவி முதலில் வெறும் இணைப்பையே நாடும். தளம் அதனைப் பாதுகாப்பான இணைப்புக்குத் திருப்பும். திருப்புவதற்கு முந்திய அக்கணமே கள்வனுக்குரிய கணம். 2009 பெப்ரவரியில் மொக்சி மார்லின்ஸ்பைக் என்னும் ஆய்வாளர், இடையில் இருப்பவன் அத்திருப்பத்தையே அகற்றிவிடலாம் என்பதை நிகழ்த்திக் காட்டினார். 2010 அக்டோபரில் எரிக் பட்லர் வெளியிட்ட 'பயர்ஷீப்' என்னும் சிறு கருவி, பொது வைபை இணைப்பில் அருகிலிருப்பவரின் முகநூல் கணக்குக்குள் எவரும் எளிதில் நுழையலாம் என்பதைக் காட்டியது.

இதன் விளைவு எத்துணைக் கொடிதாகலாம் என்பதற்குத் துனீசியா சான்று. 2011 சனவரியில், அங்கு மக்கள் கிளர்ச்சி உச்சமடைந்த வேளையில், முகநூலின் நுழைவுப் பக்கம் பயனரைச் சென்றடையும் வழியில், கடவுச்சொல்லைக் கவரும் நிரல் அதனுட் செருகப்பட்டது. எழுதுவோரின் உயிரும் உரிமையும் ஒரு பக்கம் மறைகுறியாக்கப்பட்டு வந்ததா இல்லையா என்பதில் தங்கியிருந்தன. முகநூல் தன் பயனர்க்குப் பாதுகாப்பான இணைப்பைத் தெரிவாக வழங்கியதும் அம்மாதத்திலேயே. அப்பொழுதும் அது கேட்போர்க்கே கிடைத்தது.

கொலின் ஜாக்சன், அடம் பார்த் ஆகியோர் 2008 இல் முன்வைத்த கருத்திலிருந்து வளர்ந்த 'ஸ்ட்ரிக்ட்-ட்ரான்ஸ்போர்ட்-செக்கியூரிட்டி' என்னும் தலைப்பு, 2012 நவம்பரில் ஆர்.எப்.சி. 6797 என்னும் ஆவணமாக வெளிவந்தது. 'இன்றுமுதல் இத்தனை விநாடிகளுக்கு என்னைப் பாதுகாப்பான வழியாலன்றி நாடாதே' என்பது அதன் ஆணை. ஓராண்டுக்கு 31536000 விநாடிகள் என்று எழுதுவர். முதல் வருகையின்போது உலாவி இவ்வாணையை அறிந்திராது என்பது இதன் குறை. அதனை நிரப்புவதற்காக, உலாவியிலேயே முன்கூட்டிப் பொறிக்கப்பட்ட தளங்களின் பட்டியலொன்று தோன்றியது. மற்றொன்றையும் அறிதல் வேண்டும். இட்ட ஆணையை உலாவி மறவாது. தளத்தின் சான்றிதழ் காலாவதியாயின், எச்சரிக்கையைத் தாண்டிச் செல்லும் வழியும் பயனருக்கு இராது. ஆதலின் சில நிமிடங்களுக்கு மட்டும் ஆணையிட்டுப் பார்த்து, படிப்படியாக நீட்டுவதே அறிவுடைமை.

கொள்கையும் அதன் போலியும்

நிரற்செருகல் நோய்க்கு ஆழமான மருந்து வேண்டும் என்ற எண்ணத்தின் விளைவு 'கொன்டென்ட்-செக்கியூரிட்டி-பொலிசி' என்னும் உள்ளடக்கப் பாதுகாப்புக் கொள்கை. இதன் கருவை ரொபர்ட் ஹன்சன் 2004 இலேயே முன்வைத்தார். 2011 மார்ச்சில் வெளியான பயர்பொக்ஸ் 4 அதனை நடைமுறைப்படுத்தியது. 2016 டிசம்பரில் இரண்டாம் நிலை, உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் பரிந்துரையாயிற்று. இப்பக்கத்தில் எங்கிருந்து வரும் நிரல் இயங்கலாம், எங்கிருந்து படம் வரலாம், எங்கே தரவை அனுப்பலாம், எவர் இதனைச் சட்டகமாக்கலாம் என்பவற்றை இத்தலைப்பு வரிசையாகக் கூறும். கூறப்படாத இடத்திலிருந்து வருவதை உலாவி ஏற்காது. பெயர் எழுதும் கட்டத்தில் எவனோ செருகிய நிரல், பட்டியலில் இல்லாமையால் இயங்காது ஒழியும்.

2018 இல் பிரித்தானிய விமான நிறுவனமாகிய பிரிட்டிஷ் எயார்வேய்ஸுக்கு நேர்ந்தது இதன் பயனை விளக்கும். அந்நிறுவனத்தின் தளத்திலிருந்த நிரற்கோப்பொன்றின் இறுதியில் 22 வரிகள் சேர்க்கப்பட்டன. பயணிகள் எழுதிய கடனட்டை விவரங்களை, நிறுவனத்தின் பெயரை ஒத்த வேறொரு முகவரிக்கு அவ்வரிகள் அனுப்பின. நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். 2020 அக்டோபரில் இரண்டு கோடி பவுண் தண்டம் விதிக்கப்பட்டது. எங்கே தரவை அனுப்பலாம் என்று வரையறுக்கும் கொள்கையொன்று உலாவியை வந்தடைந்திருப்பின், முன்பின் அறியாத அம்முகவரியுடன் தொடர்புகொள்வதை உலாவி மறுத்திருக்கக்கூடும்.

ஆயினும், பெயருக்கு ஒரு கொள்கையை எழுதிவைத்தல் போதாது. 2016 இல் கூகுள் ஆய்வாளர் நால்வர், இக்கொள்கையைக் கையாண்ட 16 இலட்சத்துக்கு மேற்பட்ட சேவையகப் பெயர்களை ஆராய்ந்தனர். அவற்றுள் 99.34 வீதமானவற்றில், நிரற்செருகலுக்கு எதிராக அக்கொள்கை எப்பயனும் தரவில்லை என்பது அவர்களது முடிவு. காரணம் எளிது. பழைய பக்கங்கள் குலையாதிருத்தற்பொருட்டு, பக்கத்தினுள்ளேயே எழுதப்பட்ட நிரல் எதுவும் இயங்கலாம் எனப் பலர் விலக்களித்திருந்தனர். பெரும் பொதுக் களஞ்சியங்கள் முழுவதையும் நம்பியோரும் இருந்தனர். கதவுக்குப் பூட்டிட்டு, திறவுகோலை அதிலேயே தொங்கவிட்டது போன்ற நிலை இது. ஒவ்வொரு மறுமொழிக்கும் புதிதாக ஆக்கப்படும், எவரும் ஊகிக்கவியலாத அடையாள எண்ணைத் தாங்கிய நிரலை மட்டும் இயக்கும் முறையை அவ்வாய்வாளர் வற்புறுத்தினர். எதையும் தடுக்காது, மீறல்களை அறிவிக்க மட்டும் செய்யும் வடிவமும் இத்தலைப்புக்கு உண்டு. முதலில் அதனை இட்டு, தன் தளம் எவற்றையெல்லாம் நம்பியிருக்கிறது என்று அறிந்தபின் கட்டுப்பாட்டை இறுக்குதலே தக்க முறையாகும்.

கைவிடப்பட்டவை

வரலாறு வெற்றிகளை மட்டும் பதிவுசெய்தலாகாது. 2011 இல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் என்னும் சான்றிதழ் நிறுவனம் ஊடுருவப்பட்டு, கூகுளின் பெயரில் போலிச் சான்றிதழ் வழங்கப்பட்டது. ஈரானியப் பயனர்மீது அது பயன்படுத்தப்பட்டது. இத்தகைய நிகழ்வுகளைத் தடுக்கும் நோக்கில், தன் திறப்பின் அடையாளத்தைத் தளமே அறிவிக்கும் தலைப்பொன்று 2015 இல் வகுக்கப்பட்டது. ஆனால் திறப்பைத் தொலைத்தவர் தம் வாசகரைத் தாமே வெளியே பூட்டிவிடும் நிலை அதில் இருந்தது. 2019 இன் தொடக்கத்தில் குரோம் உலாவி அதனை நீக்கியது. நிரற்செருகலை உலாவியே ஊகித்துத் தடுக்கும் வடிகட்டியை ஆளும் 'எக்ஸ்-எக்ஸ்எஸ்எஸ்-புரொடெக்ஷன்' தலைப்பும் அவ்வாறே. அவ்வடிகட்டியை ஏமாற்றவும், அதனையே கருவியாக்கித் தீங்கு செய்யவும் இயன்றமையால், 2019 அக்டோபரில் குரோம் 78 அதனைக் கைவிட்டது. பழைய வழிகாட்டிகளைப் பார்த்து இத்தலைப்புகளை இன்றும் எழுதுவோர் உளர். மருந்தின் காலாவதித் தேதியைப் பார்த்தல் இங்கும் வேண்டும்.

மௌனத்தின் பொருள் மாறுதல்

2020 ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு திருப்பமாகும். ஒரு பக்கத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும்போது, எங்கிருந்து வருகிறோம் என்பதை உலாவி 'ரெபரர்' என்னும் வேண்டுகோள் தலைப்பில் அறிவிக்கும். 1990 களில் ஆவணமெழுதியோர் செய்த எழுத்துப்பிழை அத்தலைப்பின் ஆங்கிலப் பெயரில் இன்றும் நிலைத்துள்ளது. படியெடுத்தோன் பிழை பாடமாகவே நிலைபெற்றுவிட்ட சுவடிகளை அறிந்த நமக்கு இது வியப்பன்று. முழு முகவரியும் அவ்வாறு வெளியே சென்றமையால், அதிலடங்கிய அந்தரங்க விவரங்களும் சென்றன. இதனைக் கட்டுப்படுத்துவதற்கு 'ரெபரர்-பொலிசி' என்னும் தலைப்பைத் தளம் எழுதவேண்டியிருந்தது. 2020 ஆகஸ்டில் குரோம் 85, தளம் எதையும் கூறாவிடினும் பிற தளங்களுக்கு முழு முகவரியை அனுப்பாது விடலாயிற்று. அவ்வாண்டு பெப்ரவரியில், பிற தளம் தூண்டும் வேண்டுகோள்களோடு குக்கி செல்வதையும் அவ்வுலாவி இயல்பாகவே கட்டுப்படுத்தத் தொடங்கியிருந்தது. கொரோனாப் பெருந்தொற்றின்போது இன்றியமையாத சேவைத் தளங்கள் குலைந்துவிடலாகாது என்று அம்மாற்றம் ஏப்ரலில் இடைநிறுத்தப்பட்டு, சூலையில் மீண்டும் தொடங்கியது.

இந்நிறுத்தம் ஒன்றே, பாதுகாப்பு ஏன் இத்துணைக் காலம் கேட்டுப் பெறுவதாகவே இருந்தது என்பதை விளக்கிவிடுகின்றது. இணையம் தன் பழைய பக்கங்களைக் கைவிடுவதில்லை. புதிய விதியை எல்லோர்க்கும் ஒருங்கே விதித்தால், எழுதியவர் மறந்துபோன பல்லாயிரம் தளங்கள் செயலிழக்கும். ஆகவே விதி விரும்பியோர்க்கு மட்டும் என்றாயிற்று. பழையோரைக் காத்தல் என்னும் நியாயமான காரணத்தால், அறியாதோரைக் காவாது விடுதல் என்னும் அநியாயமும் உடன் நிகழ்ந்தது. அவ்வநியாயத்தைக் குறைக்கும் வழி, மௌனத்தின் பொருளை மாற்றுவதே என்பதை 2020 இன் மாற்றங்கள் காட்டுகின்றன.

எல்லையும் கடமையும்

இத்தலைப்புகளால் எல்லாம் தீரும் என்று கருதுதல் பேதைமை. 2016 ஆகஸ்டில் இலங்கை ஜனாதிபதியின் உத்தியோகபூர்வ இணையத்தளம் ஊடுருவப்பட்டு, க.பொ.த. உயர்தரப் பரீட்சைக் காலம் பற்றிய கோரிக்கையொன்று அதிற் பதிக்கப்பட்டது. பதின்ம வயது மாணவர் ஒருவர் கைதானார். 2021 பெப்ரவரி 6 ஆம் நாள், 'எல்.கே.' ஆள்களப் பெயர்கள் சிலவற்றை நாடியோர் வேறு பக்கத்துக்குத் திருப்பப்பட்டனர். சேவையகத்தையோ பெயர்ப்பதிவையோ கைப்பற்றியவன் தலைப்புகளையும் தன் விருப்பப்படி எழுதலாம். நிரலைச் செம்மையாக எழுதுதல், உள்வருவனவற்றை ஆராய்தல், மென்பொருளைக் காலந்தோறும் புதுப்பித்தல் ஆகியவற்றுக்குத் தலைப்பு மாற்றாகாது. முன்னைய அரண்கள் வீழ்ந்தவிடத்துத் தீங்கைக் குறைக்கும் இறுதி அரண் அது.

ஆயினும் அவ்வரணின் விலை சில வரிகளே. நம் கரையோர ஊர்களில் பாடசாலைக்கும் ஆலயத்துக்கும் பள்ளிவாசலுக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் தளம் அமைத்துக் கொடுப்போர் பெரும்பாலும் நம் மாணவரே. பொறியியற் குழுவொன்று இரவுபகலாகக் காவல் புரியும் வசதி அத்தளங்களுக்கு இல்லை. ஆனால் அவற்றில் பதியப்படும் பெயரும் தொலைபேசி இலக்கமும், பிள்ளையின் பரீட்சைச் சுட்டெண்ணும் பெருநிறுவனத்தின் தரவைவிட மதிப்பிற் குறைந்தனவல்ல. தனிப்பட்ட தரவைக் கையாள்வோர் அதற்குத் தக்க பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்தல் வேண்டும் என்ற நோக்குடன் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தை நம் நாடும் இயற்றியுள்ளது. சட்டம் கேட்பதற்கு முன்னரே, தளமொன்றை ஒப்படைக்கும் மாணவர் அதன் மறுமொழித் தலைப்புகளை ஒருமுறை எடுத்து வாசித்தல் கடனாகும். உலாவியின் உருவாக்குநர் கருவியில் எவரும் அவற்றைக் காணலாம்.

மட்டக்களப்புத் தமிழகத்தின் கண்ணகை ஆலயங்கள் பலவற்றில், ஆண்டின் பெரும்பகுதி கதவு அடைத்தே இருக்கும். வைகாசிச் சடங்குக்காகக் குறித்த நாளில், குறித்த முறைமையோடு கதவு திறக்கப்படும். மூடியிருத்தல் அங்கு இயல்பு. திறத்தற்கே ஆணை வேண்டும். இணையமோ இதற்கு நேர்மாறாகத் தோன்றியது. திறந்திருத்தல் இயல்பாகவும், மூடுவதற்கு ஆணை வேண்டுவதாகவும் அமைந்தது. அந்த ஆணையை எழுதக் கற்றோர் தமக்கு மட்டும் எழுதிக்கொண்டு அமையாது, அயலாருக்கும் எழுதிக் கொடுத்தல் வேண்டும். எழுதத் தெரியாதோர்க்கும் கதவு தானே மூடும் நிலை வருமளவும், அதுவே கற்றோர் கடமையாகும்.